நின்னுக்கோம்மா என்றார் அண்ணாச்சி

அடுத்த வருடத்து ஆடியை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு முதன்முதலாக மூச்சு முட்டியது. நடந்துகொண்டிருந்தது இந்த வருடத்து புரட்டாசி. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது ஒன்றும் புதுமையில்லை. வருகிற வருடம் தீபாவளி என்ன கிழமை என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவோம். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்போம்.

என் பெயர் மாரீஸ்வரி. புரூஃப் பார்க்கிறேன். தினமும் கிழிக்கிற காலண்டரில் ஒரு தாளுக்குள் எத்தனை சங்கதி இருக்கிறது என்று கிழித்துப் போடுகிறவர்கள் கவனிப்பதில்லை. இங்கிலீஷ் தேதி, தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம், கீழே ஒரு பொன்மொழி. ஒருத்தி சத்தமாக வாசிக்க வேண்டும், எதிரே இருப்பவள் பஞ்சாங்கக் காப்பியில் விரல் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். நான் வாசிப்பேன், ஜெயா ஒத்துப் பார்ப்பாள். ஒரு தாளை ஒரே மூச்சில் வாசித்து முடிப்பது என் பெருமை. "யக்கா, மூச்சு விட்டுட்டு வாசிங்க, தேதி எங்கயும் ஓடிப்போகாது" என்று ஜெயா கேலி செய்வாள். அந்தப் புரட்டாசியில் ராகு காலத்தில் ஒரு தடவை மூச்சு வாங்கினேன், எமகண்டத்தில் ஒரு தடவை வாங்கினேன். வலது விலாவில் யாரோ விரலால் குத்துகிற மாதிரி இருந்தது. ஜெயா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அன்றைக்கு அவள் கேலி செய்யவில்லை.

இப்போது வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கியதும் குமட்டும். படுத்தால் கூடும், உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். அந்த உட்காருகிற நேரத்தை வீணாக்க வேண்டாமே என்றுதான் இது. என்னை மாதிரி இருமிக்கொண்டே வேலைக்குப் போகிற யாராவது வாசித்தால் நல்லது.

சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வந்துவிடும், விடியும்போது நைட்டி நனைகிற அளவுக்கு வேர்த்து விட்டுப்போகும். நான் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரிடம் காகிதத் தூசி என்றேன், இன்னொருவரிடம் மை வாடை என்றேன். என் தங்கை செல்வி தூதுவளையும் சுக்கும் மிளகும் இடித்துப் போட்டு ஒரு கஷாயம் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் டம்ளரைப் பார்த்தபடி நிற்பாள். எனக்குத் தெரியும், இது கஷாயத்துக்கு அடங்குகிற இருமல் இல்லை என்று. ஆனால் சீசனில் எப்படி லீவு கேட்பது?

எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் திட்ட மாட்டார், சத்தம் போட மாட்டார். ஒரு நாள் வேலைக்கு வராமல் மறுநாள் போய் வணக்கம் சொன்னால், தலையை நிமிர்த்தாமல் போனையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் நின்று நின்று பார்த்துவிட்டு இடத்துக்குப் போக வேண்டும். அதற்கு நாலு வார்த்தை திட்டினாலே தேவலை. ஊருக்கெல்லாம் எந்தெந்த நாள் அரசு விடுமுறை, எது சிவப்பு எழுத்து, எது கறுப்பு எழுத்து என்று சரிபார்த்துக் கொடுக்கிறவள் நான். ஆடிப்பெருக்கிலிருந்து கார்த்திகை முடிகிற வரைக்கும் எங்கள் கம்பெனியில் மட்டும் சிவப்பு எழுத்தே கிடையாது.

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனார். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அதிகம் பேசுகிற ஆளில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது பக்கம் கறுப்பாக இருந்தது, வலது பக்கம் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. எனக்கு வெள்ளைதான் நல்லது என்று பட்டது. இல்லையாம், கறுப்பு என்றால் காற்றாம். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வு இருக்கிறது, நடுவில் லேசான ஈரம் மட்டும்தான் இருக்க வேண்டும், அங்கே நீர் கோத்துக்கொண்டது என்றார். நுரையீரல் விரிய இடமில்லை, அதனால்தான் மூச்சு முட்டுகிறது, குத்துகிறது. நீரை ஊசி வைத்து எடுத்துச் சோதிக்க வேண்டும், விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், படுக்க வேண்டியிருக்கும் என்றார்.

விருதுநகரில் ஓ.பி. சீட்டு வாங்குகிற வரிசையில் நின்றுகொண்டுதான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை வேறு பெயரை அழுத்திவிட்டேன். நோய்ப் பயத்தில் அழுத்தினேனா அண்ணாச்சிப் பயத்தில் அழுத்தினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவருக்குப் பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. உடம்பு சரியில்லை, விருதுநகரில் படுக்கச் சொல்கிறார்கள் என்று நான் சொல்லி முடிக்கவில்லை.

"அப்ப நின்னுக்கோம்மா" என்றார். போன் கட்டாகிவிட்டது.

இந்த ஒரு வார்த்தையைத்தான் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் மென்றுகொண்டிருந்தேன். வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன குழப்பம் என்று தோன்றும். எங்கள் பக்கத்தில் நிற்பது என்றால் இரண்டு அர்த்தம். வயிற்று வலி என்று பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நின்றுவிட்டாள் என்றால் நாளைக்குப் போய்விடுவாள். எட்டாவதோடு நின்றுவிட்டாள் என்றால் அவ்வளவுதான், படிப்பு முடிந்தது. வேலையும் அப்படித்தான். இன்றைக்கு நின்றுகொள்கிறேன் என்றால் லீவு, போன மாதம் நின்றுவிட்டார் என்றால் கணக்கு முடித்துப் போய்விட்டார். பஸ் நின்றால் மறுபடி கிளம்பும், மூச்சு நின்றால் கிளம்புமா? அண்ணாச்சி எந்த நிற்பதைச் சொன்னார்?

என் வீட்டுக்காரர் ஒரே பேச்சாக, அவர் உன்னை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார் என்றார். செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. நிறுத்துகிறவர் எதற்கு கடைசியில் 'ம்மா' போடுகிறார் என்று கேட்டாள். நான் அண்ணாச்சி குரலில் சொல்லிக் காட்ட வேண்டும், இரண்டு பேரும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 'அப்ப' என்பதை இழுத்தாரா, வெடுக்கென்று சொன்னாரா? நான் சொல்லிச் சொல்லி அண்ணாச்சியின் உண்மையான குரலே எனக்கு மறந்துவிட்டது. திருப்பிப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு பதில் வந்துவிடும் அல்லவா? அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை.

நீர் எடுத்ததைச் சொல்கிறேன், பயந்தவர்களுக்காக. கட்டிலில் உட்காரவைத்து, முன்னால் ஒரு மேஜையைப் போட்டு, தலையணை மேல் குனிந்து படுக்கச் சொன்னார்கள். முதுகில் விலா எலும்புகளுக்கு நடுவே மரத்துப்போக ஒரு ஊசி. அது எறும்பு கடி. அதற்குப் பின்னால் போட்ட பெரிய ஊசி வலிக்கவில்லை, அழுத்தியது, அவ்வளவுதான். இருமக் கூடாது என்றார்கள். இருமக் கூடாது என்றதும்தான் இருமல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சித்திரை ஒன்றிலிருந்து மனசுக்குள் வாசிக்க ஆரம்பித்தேன். அட்சய திருதியை தாண்டுவதற்குள் முடித்துவிட்டார்கள். பாட்டிலில் கடலை எண்ணெய் நிறத்தில் இருந்தது. இதையா சுமந்துகொண்டு மாடிப்படி ஏறினேன் என்று எனக்கே என் மேல் பரிதாபம் வந்தது. அன்றைக்கு ஒரு பெருமூச்சு விட்டேன் பாருங்கள், அந்த மூச்சுக்கு என்ன விலை கொடுத்தாலும் தகும்.

சோதனை முடிவு வர நாளானது. ஆஸ்பத்திரியில் காத்திருப்பதுதான் பாதி நோய். சளி, ரத்தம், சர்க்கரை என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பிறகு வார்டு டாக்டர், சின்ன வயதுப் பெண், கட்டிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னார். காசநோய், அதாவது டி.பி. என் காது அடைத்துவிட்டது. அவர் சொல்லிக்கொண்டே போனார். கிருமி நுரையீரலைச் சுற்றியிருக்கிற சவ்வில்தான் இருக்கிறது, சளியில் இல்லை, அதனால் என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாள் கூட விடக் கூடாது. முதல் இரண்டு மாதம் நல்ல ஓய்வு, காகிதத் தூசிப் பக்கமே போகக் கூடாது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவளுக்கு ஆறு மாதம் என்றதும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதிருக்கிறேன் போல. டாக்டர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

எனக்கு ஏன் அப்படிக் காது அடைத்தது என்றால், எங்கள் கம்பெனியில் முன்பு ஒரு மிஷின்காரருக்கு இது வந்தது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. டீ நேரத்தில் அவருடைய டம்ளர் மட்டும் தனியாக ஜன்னல் திட்டுக்குப் போனது. பிறகு அவர் உட்காருகிற பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஒரு நாள் அவராகவே நின்றுவிட்டார். குணமான பிறகும் திரும்ப வரவில்லை. லீவு கேட்கப் போனால் என்ன நோய் என்று அண்ணாச்சி கேட்பார். டி.பி. என்று சொல்ல வேண்டும். சொன்னால் என் டம்ளரும் ஜன்னலுக்குப் போகும். இந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டே படுத்திருந்தேன். பதிலையும் தயார் பண்ணி வைத்திருந்தேன்: டி.பி.தான் அண்ணாச்சி, ஆனா இது ஒட்டாத வகை, டாக்டர்ட்ட வேணா பேசிப் பாருங்க. இதை முகட்டைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

மாத்திரை ஆரம்பித்த முதல் நாள் நர்ஸம்மா, ஒன்றுக்குப் போகும்போது சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயந்துவிடாதீர்கள், அது மாத்திரையின் நிறம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். போய்ப் பார்த்தேன். எங்கள் கம்பெனி விடுமுறை நாளுக்குப் போடுகிற அதே ஆரஞ்சுச் சிவப்பு. திரும்பி வந்து என் வீட்டுக்காரரிடம், எனக்கு லீவு விட்டாச்சு, உள்ளேயே அச்சடித்துவிட்டார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அவர் மனசு எனக்கு அந்த வார்டில்தான் தெரிந்தது. நீர் எடுத்த பக்கம் கையைத் தூக்க முடியாமல் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. அவர் சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். பின்னத் தெரியாதே, லோடு கட்டுகிற மாதிரி ஒரே இழுப்பாக இழுத்து, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிவிட்டார். புருவமே மேலே ஏறிவிட்டது. அவிழ்க்க மனசில்லாமல் இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். எனக்குப் பிடிக்குமே என்று பஜாரிலிருந்து எண்ணெய்ப் புரோட்டா வாங்கிவந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் சால்னா வாடைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் புரோட்டாவுக்காக ஏங்கியவள் நான். வாசலுக்கு வெளியே கொண்டுபோய்ச் சாப்பிடுங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, அவர் சாப்பிட்டு முடித்திருப்பாரா என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

மகள் நந்தினியை மட்டும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஒட்டாது என்று டாக்டர் சொன்னது மூளைக்குப் போனது, மனசுக்குப் போகவில்லை. பத்தாவது படிக்கிற பிள்ளை. வீடியோ காலில் அன்றைக்கு நடந்ததெல்லாம் சொல்லுவாள், நான் அவள் பேசுவதைக் கேட்காமல் அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தத் தலையில் ஒரு தடவை மூக்கை வைத்து மோந்துவிட்டால் போதும், மாத்திரையே வேண்டாம் என்றிருக்கும். "எப்பம்மா வருவ?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். வீட்டுக்கு வருகிற நாள் எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் அவள் பிறந்தநாள் என்ன கிழமை என்று மட்டும் தெரியும், அதைச் சொல்லிச் சமாளித்தேன்.

பக்கத்துக் கட்டிலில் அச்சங்குளத்து அம்மா ஒருவர் இருந்தார், பொன்னுத்தாயி. வெடிக் கம்பெனியில் திரி வேலை, மூச்சு இளைப்பு வந்து படுத்திருந்தார். என் லீவுக் கதை முழுவதும் கேட்டுவிட்டு அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்களுக்கு நின்னா அன்னைக்குக் கூலி கெடயாது, போனா உண்டு. எதுக்குன்னு அவுகளும் கேக்க மாட்டாக, நாங்களும் சொல்ல மாட்டோம். ஒனக்கு எதுக்குத்தா இம்புட்டு யோசன?" என்றார். நியாயமான கேள்விதான். எனக்கு அந்தக் கம்பெனி வேண்டியிருந்தது. அண்ணாச்சியை இல்லை, கம்பெனியை. காலையில் மாடி ஏறினதும் வருகிற புதுக் காகித வாடை, ஜன்னலோரச் சீட்டு, எதிரே ஜெயா, பதினொரு மணி டீ. வீட்டில் நான் அம்மா, சம்சாரம், அக்கா. அங்கே போனால்தான் மாரீஸ்வரி. தையிலும் மாசியிலும் எங்களுக்கு வேலை குறைவு, அப்போது லீவு கிடைத்தால் கூட எனக்கு வீட்டில் கால் தரிக்காது.

அங்கிருந்து யாராவது வருவார்களா என்று ஒவ்வொரு நாளும் பார்வையாளர் நேரத்தில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் ஜெயா வந்தாள். கையில் ஆப்பிள் இருந்தது, தோளில் கனமாக ஒரு பை இருந்தது. என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். நெஞ்சில் நீர் கோத்தது என்பது வரைக்கும் சொன்னேன், அதற்கு மேல் வாய் வரவில்லை. பிறகு அவள் தயங்கித் தயங்கிப் பையைத் திறந்தாள். புரூஃப் கட்டு. ஆவணியிலிருந்து மார்கழி வரைக்கும் மீதி இருந்த தாள்கள், கூடவே பஞ்சாங்கக் காப்பி.

"சும்மா உக்காந்துதான இருக்காக, பாத்துக் குடுத்தா என்னன்னு அண்ணாச்சி குடுத்துவிட்டாக" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். தீபாவளி கழிந்த மறுநாள் வேலைக்கு வந்துவிட வேண்டுமாம். வராவிட்டால் பில்லிங்கில் இருக்கிற பெண்ணை என் சீட்டில் உட்காரவைக்கப் போகிறாராம்.

வாசிக்கிற நீங்கள் இந்த இடத்தில் நான் கோபப்பட்டிருப்பேன் என்று நினைப்பீர்கள். வெட்கக்கேடு, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டு வந்துவிட்டது என்றால் என்னை நிறுத்தவில்லை என்றுதானே அர்த்தம். சீட்டு இன்னும் காலியாக இருக்கிறது. கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணாச்சி வேறு ஏதாவது கேட்டாரா என்று ஜெயாவிடம் கேட்டேன். "கேட்டாக. கட்டு எப்ப திரும்பி வரும்னு கேட்டாக" என்றாள். அவள் போன பிறகு கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகத் தள்ளிப் பார்த்தேன். நடுவில் எங்காவது ஒரு துண்டுச் சீட்டு, எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி இருக்காதா என்றுதான். மேல்தாளில் 'அவசரம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. அண்ணாச்சி கையெழுத்துதான்.

ஒத்துப் பார்க்க ஆள் இல்லாததால் பொன்னுத்தாயிக்குக் கேட்கிற மாதிரி வாசிக்க ஆரம்பித்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் திதி, நட்சத்திரம் எல்லாம் அத்துப்படி. கார்த்திகை என்னைக்கு வருது என்று கேட்டார். அது காதில் விழுந்து எதிர்க்கட்டில் அம்மா, தையில் நல்ல முகூர்த்தம் எத்தனை இருக்கிறது, மகளுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார். அந்தப் புரூஃப் கட்டுக்குள் தை இல்லை, ஆனால் நான் மனப்பாடமாகச் சொன்னேன். ஊசி போட வந்த நர்ஸம்மா, சித்திரைப் பொருட்காட்சி நேரத்தில் ஞாயிறோடு சேர்ந்து விடுமுறை வருகிறதா என்றார். ஆக்சிஜன் வைத்திருந்த ஒரு பெரியம்மா ஜாடையிலேயே ஏதோ கேட்டார். ஆடி அமாவாசையைத்தான் கேட்கிறார் என்று அவர் மருமகள் சொன்னாள். வீட்டுக்காரருக்கு அன்றைக்குத்தான் திதி கொடுப்பார்களாம். சொன்னேன். பெரியம்மா விரலை மடக்கி இன்றையிலிருந்து எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்தார்.

அந்த விரலைப் பார்த்துக்கொண்டே கையில் இருந்த தாளைக் கீழே வைத்தேன். இத்தனை வருடமாக வருகிற வருடத்தை வாசித்திருக்கிறேன். அதில் நான் இருக்க வேண்டுமே என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, இருப்பேன் என்றுதான் வாசித்தேன். அன்றைக்கு ஆவணி முதல் தாளைத் திரும்ப எடுத்து, பழையபடி ஒரே மூச்சில் வாசித்துப் பார்த்தேன். நட்சத்திரத்தைத் தாண்ட முடியவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது, விலா கிழிந்துவிடும் போல இருந்தது. சாயங்காலம் காய்ச்சல் வழக்கத்தை விட ஏறியது. டாக்டர் வந்து மடியில் இருந்த கட்டைப் பார்த்தார், என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் திட்டவில்லை. இந்த நோய்க்கு ஓய்வும் ஒரு மாத்திரைதான், அதை மட்டும் நான் உங்களுக்கு எடுத்துக் கொடுக்க முடியாது, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும் என்றார். லீவுக்குச் சான்றிதழ் தருகிறேன், நோய்ப் பெயரை மாற்றி எழுத மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்காரரும் செல்வியும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வழக்கு நடத்தினார்கள். அவருக்கு, வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கட்டைத் தூக்கி எறிந்துவிட்டு நின்றுவிடு. செல்விக்கு, மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு தீபாவளி கழித்துப் போய் உட்கார், யாருக்குத் தெரியப் போகிறது, சீட்டு போனால் கிடைக்காது. இரண்டு பேரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். எனக்கு இரண்டுமே வேண்டாமாக இருந்தது. இப்போது போகக் கூடாது, பிறகு போக வேண்டும். இதற்கு எங்கள் கம்பெனியில் பேரே இல்லை. லீவு என்று முறையாகக் கேட்டு வாங்கினவர் யாரும் கிடையாது, நின்றவர்கள்தான் உண்டு.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் போனை எடுத்தேன். வீட்டுக்காரர் ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். அண்ணாச்சி எடுத்ததும் அவர் பேசுவதற்குள் நான் பேசிவிட வேண்டும் என்று ஒரே மூச்சாக ஆரம்பித்தேன், நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, மாரீஸ்வரி பேசுறேன். நான் வேலைய விட்டு நிக்கல. லீவு கேக்குறேன். ரெண்டு மாசம் லீவு. தை பொறந்ததும் என் சீட்டுக்கு வந்துருவேன். டாக்டர் எழுதிக் குடுக்குறாக, கட்டோட குடுத்துவிடுறேன்."

அந்தப் பக்கம் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. இப்போது கேட்கப் போகிறார், என்ன நோய் என்று இப்போது கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். டி.பி.தான் அண்ணாச்சி, ஆனா இது ஒட்டாத வகை. நாக்கு நுனியில் இருந்தது.

"ரெண்டு மாசமா?" என்றார். யாரிடமோ திரும்பி ஏதோ சொன்னார். பிறகு, "சரி. லீவுன்னே வச்சுக்குவோம். அந்தக் கட்ட மட்டும் சாயங்காலத்துக்குள்ள குடுத்து விட்டுரும்மா" என்றார். வைத்துவிட்டார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொன்னாரு?"

"சரின்னுட்டாக. லீவு குடுத்துட்டாக."

"சீட்டு?"

"இல்லன்னு சொல்லல."

"பெறகு எதுக்கு அழுவுற?"

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இருமல் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"ஒடம்புக்கு என்ன செய்யுதுன்னு ஒரு வார்த்த கேக்கலங்க" என்றேன்.